சின்ஸ், ஃபார்: எங்கே எது? தமிழ் விகுதியை வைத்தே கண்டுபிடிக்கலாம்

"ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்." நேர்காணலில் நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று 'சின்ஸ்', மற்றொன்று 'ஆம் ஒர்க்கிங்'. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே வரும். அதனால் இரண்டையும் ஒன்றாகவே திருத்தப் பழகுவோம்.

தொடங்கிய நேரத்தைச் சொன்னால் ('பாயிண்ட் ஆஃப் டைம்') சின்ஸ், கால நீளத்தைச் சொன்னால் ('பீரியட் ஆஃப் டைம்') ஃபார் என்று இலக்கணப் புத்தகங்கள் பிரித்துச் சொல்லும். சரியான விளக்கம்தான், ஆனால் பேசும் வேகத்தில் அதை யோசிக்க நேரம் கிடைக்காது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு.

படி 1: தமிழில் சொல்லி, முடிவைக் கவனியுங்கள்

சொல்ல வந்ததை வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். காலத்தைக் குறிக்கும் சொல் எப்படி முடிகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

'மூணு வருஷமா வேலை பாக்குறேன்.' 'ரெண்டு நாளா காய்ச்சல்.' 'ரொம்ப நேரமா நிக்கிறேன்.' மூன்றும் 'ஆ' என்று முடிகின்றன (எழுதும்போது 'ஆக'). காலத்தின் நீளத்தைச் சொல்கிறோம். இங்கே ஃபார்.

'2021லிருந்து வேலை பாக்குறேன்.' 'திங்கக்கிழமையிலிருந்து காய்ச்சல்.' 'மத்தியானத்திலிருந்து நிக்கிறேன்.' 'இருந்து' வந்துவிட்டது. எப்போது தொடங்கியது என்று சொல்கிறோம். இங்கே சின்ஸ்.

பலரும் தடுமாறும் ஓர் இடம்: 'லாஸ்ட்' என்ற சொல் இரண்டு பக்கமும் வரும். 'போன வாரத்திலிருந்து' என்றால் 'சின்ஸ் லாஸ்ட் வீக்'. 'கடந்த ரெண்டு வாரமா' என்றால் 'ஃபார் த லாஸ்ட் டூ வீக்ஸ்'. ஆங்கிலத்தைப் பார்த்தால் குழப்பம் வரும், தமிழ் முடிவைப் பார்த்தால் வராது.

ஆனால் 'இருந்து' வரும் எல்லா இடத்திலும் சின்ஸ் போட முடியாது. கடை ஒன்பது மணியிலிருந்து ஆறு மணி வரை திறந்திருக்கும் என்றால் 'ஃப்ரம் நைன் டு சிக்ஸ்'. நாளையிலிருந்து வருகிறேன் என்றால் 'ஃப்ரம் டுமாரோ'. முன்பே தொடங்கி இன்னும் தொடர்வதற்குத்தான் சின்ஸ்.

படி 2: வினைச்சொல்லை மாற்றுங்கள்

இதில்தான் அதிக உழைப்பு தேவை. ஃபார், சின்ஸ் இரண்டையும் சரியாகப் போட்டுவிட்டு வினையில் தவறுகிறவர்களே அதிகம். காரணம் எளிது: தமிழில் 'மூணு வருஷமா வேலை பாக்குறேன்' என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடலாம். முன்பு தொடங்கியது என்ற செய்தியை 'ஆ' சுமந்துகொள்கிறது. ஆங்கிலம் அதை வினையிலும் காட்டச் சொல்லும். அதற்காகத்தான் 'ஹேவ்', 'ஹேஸ்'.

"ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்."
"ஷி ஹேஸ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021."

தெரிவது, சொந்தமாக வைத்திருப்பது போன்ற வினைகளுக்கு 'இங்' சேராது. 'அவரைப் பத்து வருஷமாத் தெரியும்' என்பது "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்". 'ஐ ஆம் நோயிங்' வேண்டாம்.

நமக்கே உரிய இன்னொரு வாக்கியம்: 'அவனைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு.' இதை ஆங்கிலத்தில் எதிர்மறையாகத் திருப்பிச் சொல்லலாம்: "ஐ ஹேவன்ட் சீன் ஹிம் ஃபார் டூ இயர்ஸ்." பார்க்கவில்லை என்ற செய்தி தமிழில் மறைந்திருக்கிறது, ஆங்கிலத்தில் வெளிப்படையாக வருகிறது.

படி 3: முடிந்ததா, தொடர்கிறதா?

காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். "காமராஜ் வாஸ் சீஃப் மினிஸ்டர் ஃபார் ஓவர் நைன் இயர்ஸ்." முடிந்துபோன காலம் என்பதால் 'வாஸ்'. தமிழிலும் 'ஒன்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்' என்கிறோம், 'ஆ' காணாமல் போகிறது. ஆக, 'ஆ' இல்லாமல் வெறும் நீளம் மட்டும் வந்தாலும் ஃபார்தான், ஆனால் 'ஹேவ்' தேவையில்லை. எதிர்காலமும் அப்படியே: 'ரெண்டு நாள் தங்குவேன்' என்பது "ஐ வில் ஸ்டே ஃபார் டூ டேஸ்".

மெட்ராஸ் 1996இல் சென்னை ஆனது, இன்றும் சென்னைதான். "த சிட்டி ஹேஸ் பீன் கால்டு சென்னை சின்ஸ் 1996."

படி 4: சின்ஸுக்குப் பின் ஒரு முழு வாக்கியம்

'இந்த ஊருக்கு வந்ததிலிருந்து' என்பது "சின்ஸ் ஐ கேம் ஹியர்". வந்தது ஒரே ஒரு முறை நடந்து முடிந்த செயல் என்பதால் அங்கே இறந்தகாலம். தொடர்வதைச் சொல்லும் மற்றப் பாதியில்தான் 'ஹேவ்' வரும்.

படி 5: காலத்தோடு தொடர்பில்லாத பொருள்கள்

சின்ஸ் காரணமும் சொல்லும்: 'மழை பெய்வதால்' என்பது "சின்ஸ் இட் இஸ் ரெய்னிங்". ஃபார் என்பதற்கு 'க்காக' என்ற பொருளும் உண்டு. காலத்தைச் சொன்னாலும், 'ஆல் டே' (நாள் முழுக்க) என்பதற்கு முன் ஃபார் போட வேண்டாம்.

பயிற்சி

விடையைப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

1. ஒரு மணி நேரமா பஸ்ஸுக்காகக் காத்திருக்கேன்.
2. கல்யாணம் ஆனதிலிருந்து அக்கா கோவையில் இருக்கா.
3. அப்பா துபாயில் எட்டு வருஷம் இருந்தார், இப்ப ஊரில் இருக்கார்.

விடைகள்:

1. "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் த பஸ் ஃபார் ஆன் அவர்." முதல் ஃபார் 'க்காக', இரண்டாவது 'ஆ'. இரண்டும் வேண்டும்.
2. "மை சிஸ்டர் ஹேஸ் லிவ்டு இன் கோயம்புத்தூர் சின்ஸ் ஷி காட் மேரீட்."
3. "மை ஃபாதர் லிவ்டு இன் துபாய் ஃபார் எய்ட் இயர்ஸ்." இங்கே 'ஹேஸ் லிவ்டு' என்றால், அப்பா இன்னும் துபாயில்தான் இருக்கிறார் என்று கேட்பவர் நினைத்துவிடுவார்.