ஃபுளோரைடு சிக்கலுக்குப் பல துறைகளை ஒன்றுசேர்ப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளில் இயற்கையாகவே உள்ள ஃபுளோரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து, தலைமுறை தலைமுறையாக மக்களின் பற்களையும் எலும்புகளையும் பாதித்து வந்திருக்கிறது. ஜப்பானின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே உருவானது. ஆனாலும், காவிரி நீர் போதாத நாள்களில் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பும் ஊர்களில் ஆபத்து நீடிக்கவே செய்யும். அந்த இடைவெளியைத் தொண்டு நிறுவனம் எதுவும் தனியாக அடைத்துவிட முடியாது. பிறரைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும்.

முதல் வேலை பணம் தேடுவதன்று, அளந்து பார்ப்பது. ஒரே ஒரு குக்கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கு மக்கள் உண்மையில் குடிக்கும் ஒவ்வொரு நீராதாரத்திலிருந்தும் மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுங்கள். இந்திய தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் 1.5 வரை அனுமதி உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் நீர்ச் சோதனைப் பயிற்சி பெற்ற பெண்கள் ஊரில் இருந்தால், அவர்களையே இந்தப் பணியில் முன்னிறுத்துங்கள். வெளியிலிருந்து வந்தவர் நீட்டும் அறிக்கையைவிட, பக்கத்து வீட்டுப் பெண் சோதித்துச் சொல்லும் எண்ணை ஊர் எளிதில் நம்பும்.

அடுத்து, யாரிடம் எதைக் கேட்பது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கூட்டு முயற்சிகள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான் என்பது என் கருத்து. மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் ஊராட்சியின் பொறுப்பு. ஆகவே ஊராட்சித் தலைவரையும், தலைவர் பதவியில் இல்லாத காலத்தில் தனி அலுவலரையும், வட்டார வளர்ச்சி அலுவலரையும் அணுக வேண்டும். தேசிய ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் வரும் பல், எலும்பு பாதிப்பு) தடுப்புத் திட்டம் சுகாதாரத் துறையின் கீழ் வருவதால், பள்ளிக் குழந்தைகளின் பல் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திடம் கேட்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு நாள் ஒதுக்குவதும், நீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும் என்பதை வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் தலைமையாசிரியரால் ஆகும் வேலைகள். இவர்களை ஒரே நாளில் ஒரே மேசையில் அமர்த்துவதே உங்கள் பணி. அவர்களுடைய வேலையை நீங்கள் எடுத்துச் செய்யத் தொடங்கினால், அவர்கள் மெல்ல விலகிக்கொள்வார்கள்.

இப்படிப் பிரித்துக்கொண்டு செய்வது இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதன்முதலாக, அன்று பிரிக்கப்படாதிருந்த தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டன. தமிழ்நாடு அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நெறிப்படுத்தியது, தொண்டு நிறுவனங்கள் குழுக்களை உருவாக்கின, வங்கி கடன் கொடுத்தது. ஒருவர் வேலையில் மற்றவர் நுழையாத அந்த ஏற்பாட்டை இன்றும் பின்பற்றலாம்.

நிதிக்கு ஓசூர் தொழிற்சாலைகளை அணுகலாம். நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135-ஆவது பிரிவு, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை அளிக்கவும் சொல்கிறது. பாதுகாப்பான குடிநீர் அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே உள்ளது. இந்த நிதியைப் பெற, அறக்கட்டளைகள் முன்கூட்டியே நிறுவன விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அறக்கட்டளைக்கு வரிவிலக்கு தரும் வருமான வரிப் பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் சான்றும் (12ஏ, 80ஜி என்று அறியப்படுபவை) தேவைப்படும்.

சுத்திகரிப்பு இயந்திரம் வைப்பதாக முடிவானால், திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்கும் முன்பே பராமரிப்பைக் காகிதத்தில் எழுதி முடித்துவிடுங்கள். வடிகட்டியை மாற்றும் செலவு யாருடையது, மின்கட்டணத்தை யார் கட்டுவது, ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளும் நீர் எங்கே போகும், இயந்திரம் பழுதானால் எத்தனை நாளுக்குள் யார் வந்து சரிசெய்வார் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதவியின் பெயரோடு பதில் இருக்க வேண்டும். அலுவலர் மாறுதலாகிப் போனாலும் பதவி இருக்கும். இவற்றுக்குப் பதில் கிடைக்காத இடத்தில், நிறுவனம் பணம் தர முன்வந்தாலும் இயந்திரம் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒகேனக்கல் நீரைச் சீராக வரவழைக்க முயல்வதே அங்கு நல்லது.

எழுதிய ஒப்பந்தத்தைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். பிறகு ஒவ்வொரு கிராம சபைக்கும் முன் அதே நீராதாரங்களை மீண்டும் சோதித்து, புதிய எண்ணையும் பழைய எண்ணையும் சேர்த்துக் கூட்டத்தில் வாசிக்கச் செய்யுங்கள். அளவு குறையவில்லை என்றால், எந்தப் பொறுப்பு நிறைவேறவில்லை என்று அங்கேயே ஊர் மக்கள் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவரின் பதவி தீர்மானப் புத்தகத்தில் இருக்கும்.