பழைய முக்காலியில் பூவரச இலை

மர முக்காலியில் இலை, பூ வரைய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேராகத் தூரிகையை எடுத்துவிடுகிறார்கள். கோடு கோணினால் அழிப்பதற்குள் பாதி உற்சாகம் போய்விடும். நான் முதலில் ஒரு பூவரச இலையைப் பறித்துவந்து, சொரசொரப்பான தாளில் சாக் பேஸ்டலால் (சாக்பீஸ் மாதிரி பொடி உதிரும் வண்ணக் குச்சி) வரைந்து பார்ப்பேன். பெயிண்ட் டியூபிலிருந்து வரும் பச்சை அப்படியே இலைப்பச்சை ஆகாது. துளி சிவப்பு கலந்தால்தான் அடங்கும். நரம்பருகே மஞ்சள் எட்டிப்பார்ப்பதும் இப்போதுதான் கண்ணில் படும்.

முக்காலியை 120, அப்புறம் 220 எண் உப்புத்தாளால் மர ரேகையோடு தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமரும் (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் பூசும் பூச்சு) அடிவண்ணமும் பூசிக் காயவிடுங்கள்.

இனி படத்தை இடம் மாற்றும் வேலை. ஓவியத்தின் வெளிக்கோட்டை பட்டர் பேப்பரில் எடுங்கள். அதன் பின்புறம் முழுக்க அதே பேஸ்டலைத் தேய்த்து, உதறி, முக்காலியில் டேப் போட்டு ஒட்டி, மை தீர்ந்த பேனாவால் கோட்டின்மேல் அழுத்துங்கள். கோடு அச்சாக இறங்கிவிடும். கரும்பரப்புக்கு வெள்ளை பேஸ்டல், வெளிர்பரப்புக்குப் பழுப்பு. எண்ணெய்ப்பசை உள்ள ஆயில் பேஸ்டல் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பிசுக்கின்மேல், தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வண்ணம் பிடிக்காது. (ஒரு தடவை பட்டிருக்கிறேன், இலை மொத்தமும் உரிந்தது.)

கோட்டுக்குள் அக்ரிலிக் வண்ணம் தீட்டுங்கள். அது நன்றாகக் காய்ந்தபின் மிச்சப் பேஸ்டல் பொடியை ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுங்கள். மேலே தண்ணீரில் கரையும் வார்னிஷ் இரண்டு கோட். எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளிக்கும், வெள்ளைப் பூ வரைந்திருந்தால் பளிச்சென்று தெரியும்.