கப்பலேறும் முன் ரோமில் மூன்று நாள்: குடும்பங்கள் அடிக்கடி செய்யும் தவறுகள்

உல்லாசக் கப்பல் நிறுவனத்தின் பயணத் திட்டத்தில் "ரோம்" என்று போட்டிருக்கும். ரோம் நகர மையத்தில் கடல் கிடையாது. கப்பல் நிற்கும் துறைமுகம் சிவிட்டாவெக்கியா. நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 75 கி.மீ. சென்னையிலிருந்து செங்கல்பட்டைத் தாண்டிப் போகிற தூரம். ரோமில் விடுதி எடுத்து, "துறைமுகம் பக்கத்தில்தானே, டாக்ஸியில் போய்விடலாம்" என்று நினைத்துக்கொண்டு கடைசி நாள் காலையையும் சுற்றிப் பார்ப்பதற்கு ஒதுக்கிவிடுகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

இத்தாலி முழுக்கவே இந்தக் குழப்பம் உண்டு. "ஃபுளோரன்ஸ்" என்று எழுதியிருந்தால் துறைமுகம் லிவோர்னோ. ஏறக்குறைய 90 கி.மீ. "வெனிஸ்" இன்னும் சிக்கல். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் ஜூதெக்கா கால்வாய் வழியாக வெனிஸுக்குள் வரத் தடை. அதனால் "வெனிஸ்" என்று விற்கப்படும் பயணம் வெனிஸுக்கு எதிரே நிலப்பகுதியில் உள்ள மார்கெராவிலிருந்து புறப்படலாம், ரவென்னாவிலிருந்தோ ட்ரியெஸ்தேயிலிருந்தோகூடப் புறப்படலாம். வெனிஸிலிருந்து ரவென்னாவுக்கு நடுவில் ரயில் மாறிப் போக ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். அங்கே போனபிறகும் கப்பல் நிற்கும் போர்ட்டோ கோர்சினி ரயில் நிலையத்திலிருந்து வெகு தூரம். ஆகவே டிக்கெட்டில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள்; துறைமுகத்தின் பெயரையும், முடிந்தால் டெர்மினல் எண்ணையும் தேடிப் படியுங்கள். விமான டிக்கெட்டும் விடுதியும் அதற்குப் பிறகுதான்.

முதியவர்களும் கைக்குழந்தையும் கூட வருகிறார்கள், இன்னும் பயணத்தையே தேர்ந்தெடுக்கவில்லை என்றால், ஜெனோவா அல்லது நேப்பிள்ஸிலிருந்து கிளம்பும் கப்பலைப் பாருங்கள். ஜெனோவாவில் பியாட்சா பிரின்சிப்பே ரயில் நிலையத்திலிருந்து கப்பல் துறைக்குச் சில நிமிட நடை. நேப்பிள்ஸில் கப்பல் நிற்பதே நகரின் நடுவில், பழைய கோட்டைக்குப் பக்கத்தில். புறப்படும் நாளின் பதற்றம் பாதியாகக் குறையும்.

விசாவில் தவறும் இரண்டு கணக்குகள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எத்தனை முறை நுழையும் விசா என்பதில்தான் சறுக்குகிறார்கள். கப்பல் துருக்கியின் குஷாதசியிலோ மான்டினீக்ரோவின் கோட்டோரிலோ நின்றால், அங்கே நீங்கள் ஷெங்கன் எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். திரும்பி கிரேக்கத்துக்கோ இத்தாலிக்கோ வருவது இரண்டாவது நுழைவு. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போனால் கப்பலிலேயே ஏற்ற மறுக்கலாம். விண்ணப்பத்தில் பலமுறை நுழைவு என்று கேட்டு, கப்பல் எந்தெந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் நிற்கிறது என்ற பட்டியலையும் இணையுங்கள். குரோயேஷியா 2023 ஜனவரியிலேயே ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் டுப்ரோவ்னிக் மட்டும் இருக்கும் பயணத்தில் இந்தக் கவலை இல்லை. ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாடுகளின் சொந்த விசா விதி தனி. அதையும் பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது, எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்ற கணக்கு. விமானம் இறங்குவது ரோம் என்பதால் இத்தாலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதிக நாள் எந்த நாட்டிலோ அந்த நாடு. நாட்கள் சமமாக வந்தால்தான் முதலில் நுழையும் நாடு. ரோமில் மூன்று இரவு தங்கி, மேற்கு மத்தியதரைக் கடலில் சுற்றி வரும் பயணத்தில் பெரும்பாலும் இத்தாலிதான் முன்னே நிற்கும். கிரேக்கத் தீவுகளுக்குப் போகும் பயணத்தில் கிரேக்கம் முந்திவிடலாம். ஒரு தாளில் தேதி வாரியாக நாட்டை எழுதி எண்ணிப் பாருங்கள்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். கோடை விடுமுறைக் காலத்தில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே பாடு என்பதால் அந்த 15 நாளை நம்பக் கூடாது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, நகர நாட்களையும் கப்பல் நாட்களையும் சேர்த்து மூடுவதாக இருக்க வேண்டும்.

மூன்று இரவு என்றால் இரண்டு பகல்

இறங்கும் நாள் பகல் கணக்கில் சேராது. ஐரோப்பிய எல்லைகளில் 2025 அக்டோபரிலிருந்து முகப் படமும் கைரேகையும் பதியும் முறை வந்திருக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு வரிசையில் கூடுதல் நேரம் பிடிக்கும். பெட்டி எடுத்து, ஊருக்குள் வந்து, விடுதி அறை கைக்கு வரும்போது மாலையாகிவிடும். கப்பலேறும் நாளும் கணக்கில் சேராது. மிச்சம் இரண்டு பகல். இதற்குள் ஃபுளோரன்ஸுக்கு ஒரு நாள், வெனிஸுக்கு ஒரு நாள் என்று திட்டமிடாதீர்கள். அதிவேக ரயிலில் ஃபுளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் குழந்தைகளோடு போய்த் திரும்பினால் ரோமுக்கென்று இருப்பது ஒரே நாள்.

அந்த இரண்டு பகலில் ஒன்று பழைய ரோமானிய அரங்கமான கொலோசியத்துக்கு, ஒன்று வத்திக்கானுக்கு. திரேவி நீரூற்று, பாந்தியன், நவோனா சதுக்கம் மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள் இருப்பதால் மாலைகளுக்கு விட்டுவிடலாம். பாந்தியனுக்குள் போக வேண்டுமானால் அது மூடும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியில் முதலில் வத்திக்கானைக் குறியுங்கள். அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறக்கும். அன்றைய கூட்டம் குழந்தைகளோடு நிற்கும் கூட்டமல்ல. புதன்கிழமை காலைகளில் போப்பின் பொதுச் சந்திப்பு நடந்தால் புனித பேதுரு பேராலயமான பசிலிக்காவுக்குள் போக முடியாமல் போகலாம். ஜூன் 2 குடியரசு நாள். கொலோசியத்தை ஒட்டிய சாலையில் அணிவகுப்பு நடப்பதால் அந்தப் பக்கம் காலையில் நெருங்கவே முடியாது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில் பல உணவகங்களும் கடைகளும் அடைத்திருக்கும்.

கொலோசியத்தின் டிக்கெட் 30 நாள் முன்பு திறக்கும். சாதாரண டிக்கெட் 18 யூரோ. பக்கத்திலிருக்கும் பழைய இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பலத்தீனோ குன்றும் அதிலேயே அடக்கம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். இங்கேதான் ஒரு தவறு: இலவசம் என்பதால் குழந்தைகளைப் பதிவில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கும் பூஜ்ய யூரோ டிக்கெட் எடுத்தாக வேண்டும். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் அடையாள அட்டை பார்ப்பார்கள். முதலெழுத்தை மட்டும் போட்டு எழுதும் நம் வழக்கத்தை விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயரைத் தட்டச்சு செய்யுங்கள்.

வத்திக்கானில் நடக்கும் தவறு வேறு மாதிரி. அருங்காட்சியகத்துக்கு 10 மணிக்கு முன்பதிவு செய்துவிட்டு, 9:50-க்குப் புனித பேதுரு சதுக்கத்தில் போய் நிற்கிறார்கள். வாசல் அங்கே இல்லை. மதிலை ஒட்டிச் சுற்றி வடக்குப் பக்கம், வியாலே வத்திக்கானோ என்ற சாலையில் இருக்கிறது. குழந்தைகளோடு 15 முதல் 20 நிமிட நடை. மெட்ரோவில் வந்தால் ஏ தடத்தில் ஒத்தாவியானோ அல்லது சிப்ரோ நிலையத்தில் இறங்குங்கள். தோளும் முழங்காலும் மூடாத உடைக்குப் பசிலிக்காவில் அனுமதியில்லை. கோடையில் ஒரு துப்பட்டா பையில் இருந்தால் போதும். பசிலிக்காவின் குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்ட் டிக்கெட் எடுத்தாலும் அது பாதிவரைதான். அதற்குமேல் சுமார் 320 படி நடந்தே ஏற வேண்டும். சுவர் சாய்ந்து போகும் குறுகலான படிகள் அவை. மூட்டு வலி உள்ள பெரியவர்களை லிஃப்டை நம்பி மேலே அழைத்துப் போகாதீர்கள்.

விடுதி எங்கே

எந்த விடுதி அழகு என்று பார்ப்பதற்கு முன், அங்கிருந்து எந்த ரயில் நிலையம் பக்கம் என்று பாருங்கள். சிவிட்டாவெக்கியா போகும் பிராந்திய ரயில் ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினியில் கிளம்பி, திராஸ்தேவெரே, சான் பியெத்ரோ நிலையங்களில் நின்று போகிறது. சான் பியெத்ரோ வத்திக்கானுக்கு நடந்து போகும் தூரம். அந்தப் பக்கம் தங்கினால் வத்திக்கான் நாளும் எளிது, கப்பலேறும் நாளும் எளிது; டெர்மினியின் நெரிசலுக்குள் போகவே வேண்டாம். டெர்மினியை ஒட்டித் தங்கினால் விமான நிலைய ரயில் சுலபம். நவோனா, திரேவி பக்கம் தங்குவது மாலை நடைக்கு அருமை. ஆனால் பெட்டிகளோடு எங்கே போனாலும் டாக்ஸிதான்.

ரோமின் பழைய தெருக்களில் பாவியிருப்பது உள்ளங்கையளவு கருங்கல் துண்டுகள், சாம்பியெத்ரினி என்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரலிடை விரிசல். சூட்கேஸின் சின்னச் சக்கரம் அதில் ஒவ்வொரு அடியிலும் மாட்டும். மடக்கு ஸ்ட்ரோலரின் முன்சக்கரமும் அப்படித்தான். கூகுள் வரைபடம் "நடந்து 12 நிமிடம்" என்று சொன்னால், இரண்டு பெட்டியும் தூங்கும் குழந்தையும் இருக்கும்போது 25 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இரண்டு பேர் நிற்குமளவுதான் இருக்கும், சிலவற்றில் இருக்காது. நான்கு பேருக்கு ஒரே அறை வேண்டுமானால் பதிவின்போதே நால்வர் அறை என்று உறுதிசெய்யுங்கள். நகரத் தங்கல் வரி அறை வாடகையில் சேராமல் தனியாக வரும்: மூன்று நட்சத்திர விடுதியில் ஆளுக்கு இரவுக்கு 6 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 7.50 யூரோ. 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை.

ஃபியுமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் டெர்மினி வரும். ஆளுக்கு 14 யூரோ. டிக்கெட் எடுத்த ஒவ்வொரு பெரியவருடனும் 12 வயதுக்குட்பட்ட ஒரு குழந்தைக்கு இலவசம். டாக்ஸிக்கு நிர்ணயக் கட்டணம் 55 யூரோ, பெட்டிகளும் சேர்த்து. ஆனால் பழைய நகரச் சுற்றுமதிலான ஔரேலியன் மதிலுக்கு உள்ளே இருக்கும் முகவரிக்குத்தான் அந்தத் தொகை. வெளியே என்றால் பொதுவாக மீட்டர். நான்கு பெரியவர்களுக்கு ரயில் 56, டாக்ஸி 55, டாக்ஸியே மேல். இரண்டு பெரியவர், இரண்டு சிறு குழந்தை, விடுதி டெர்மினி அருகே என்றால் 28 யூரோவில் ரயில்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு உணவகங்கள் பெரும்பாலும் ஏழரைக்குத்தான் அடுப்பு மூட்டும். ஆறு மணிக்குப் பசிக்கும் குழந்தைகளுக்கு எடை போட்டு விற்கும் துண்டு பிட்சா கடைகள் கை கொடுக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: பாஸ்தா வகைகளான கார்போனாரா, அமத்ரிச்சானா இரண்டிலும் பன்றி இறைச்சி உண்டு. பெக்கோரினோ, பர்மிஜானோ சீஸ்கள் கன்று, ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறைய வைப்பவை. அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு மரினாரா பிட்சா: தக்காளி, பூண்டு, ஒரேகானோ, எண்ணெய்; சீஸே கிடையாது. தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டாம், தெருக் குழாய்களில் ஓடுவது நல்ல குடிநீர்.

கப்பலேறும் காலை

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது என்று வைப்போம். பயணிகளை ஏற்றுவது அதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பே நின்றுவிடும். சரியான நேரம் உங்கள் டிக்கெட்டில் இருக்கும். அதை 3:30 என்று கொண்டால், துறைமுகத்தில் 1 மணிக்கு இருப்பது பத்திரம். பிராந்திய ரயிலுக்கு டெர்மினியிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம் அளவில் ஆகும். அங்கே இறங்கி கப்பல்வரை போக 45 நிமிடம். எனவே பத்தரை, பதினொன்றுக்குள் ரயிலில் இருக்க வேண்டும். அந்த வண்டி ரத்தானாலும் அடுத்ததைப் பிடிக்க நேரம் மிஞ்சும். இந்த மிச்சம்தான் முக்கியம். ஞாயிறுகளில் வண்டிகள் குறைவு என்பதால் இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள்.

டெர்மினியில் இந்த ரயில் நிற்கும் நடைமேடைகள் நிலையத்தின் கடைக்கோடியில். முன்வாசலிலிருந்து பெட்டியோடு பத்து நிமிடம் நடக்க வேண்டும். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் இயந்திரத்தில் நுழைத்து முத்திரையிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்தானே என்று விட்டால் அபராதம். டெர்மினியிலும் மெட்ரோ ஏ தடத்திலும் 64-ஆம் எண் பேருந்திலும் ஜேப்படிக்காரர்கள் உண்டு. பாஸ்போர்ட் முதுகுப் பையில் வேண்டாம்.

சிவிட்டாவெக்கியா நிலையத்திலிருந்து கப்பலுக்கு நேராக நடந்து போக முடியாது. முதலில் லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்துக்குப் போக வேண்டும். நகரப் பேருந்து உண்டு, நடந்தால் ஒரு கி.மீ.க்குச் சற்று மேல். அங்கிருந்து துறைமுகத்தின் இலவசப் பேருந்து கப்பலுக்குக் கொண்டுபோய் விடும். ஒரே நாளில் பல கப்பல்கள் நிற்கும் என்பதால் ஏறுமுன் கப்பலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ரயில் வேலைநிறுத்தம் இத்தாலியில் புதிதல்ல. தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் "ஷோப்பெரோ" என்ற இத்தாலியச் சொல்லைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து தேடிப் பாருங்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் பிராந்திய ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட நாளில் காலை 8 மணி வண்டியில் போய், சிவிட்டாவெக்கியா கடற்கரையில் காத்திருங்கள். ஐந்தாறு பேர் என்றால் முதல் நாளே ஒரு வேன் பேசி வைப்பது நிம்மதி.

துறையில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வந்துசேரப் பல சமயம் மாலையாகிவிடும். பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், அன்றைய மாத்திரைகள், கைக்குழந்தையின் பால் பவுடர், பிள்ளைகளின் நீச்சலுடை எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். கப்பலில் கால் வைத்ததும் அவர்கள் முதலில் கேட்பது நீச்சல் குளத்தைத்தான்.