பீரோ பின்னாடி கருப்பா பூஞ்சணம், நான் சரி பண்ணுன கதை

கோத்தகிரில ஐப்பசி மழை புடிச்சா வீட்டுக்குள்ள துணி கூட காயாது, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். போன வருஷம் பீரோவ நகத்துனா செவுத்துல மை கொட்டுன மாதிரி கருப்பு. மொதல்ல ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு தேச்சேன், வெள்ளையாச்சு, ஆனா நெடில அம்மாவுக்கு ராத்திரி பூரா இருமல், மூணே வாரத்துல கருப்பு திரும்ப வந்துருச்சு. சரின்னு மறுபடி ப்ளீச் தேச்சு, அது மேலயே வினிகரும் ஊத்தலாம்னு போனேன், பக்கத்து வீட்டு அக்கா கத்துனாங்க, "டேய் ரெண்டும் சேந்தா குளோரின் கேஸ் வரும்டா!" நல்லவேளை.

அப்புறம் ப்ளீச்ச நல்லா தண்ணி விட்டு தொடச்சு, காய விட்டு, ரெண்டு நாள் கழிச்சு கடைல விக்கிற வெள்ளை வினிகர தண்ணி கலக்காம அப்டியே ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி அடிச்சேன். மாஸ்க் போட்டுக்கோங்க, ஜன்னல தொறந்து வைங்க. ஒரு மணி நேரம் ஊறவிட்டு பழைய டூத் பிரஷ்ல தேச்சு, ஈரத்துணில தொடச்சு, அப்புறம் காஞ்ச துணி. சோடா உப்பையும் வினிகரையும் கலந்தா பொங்கும், பாக்க நல்லாருக்கும், ஆனா ஒன்னையொன்னு முறிச்சுக்கும், வேஸ்ட்டு. யூகலிப்டஸ் தைலம் ரெண்டு சொட்டு விட்டேன், அது வாசனைக்குதான், நீலகிரிக்காரனுக்கு அது இல்லாம ஆகாதே.

ஆனா உண்மையான வேலை பீரோவ செவுத்துலேர்ந்து நாலு விரக்கட தள்ளி வச்சதுதான், காத்து போகுதுல்ல. ஈரத்துணிய அந்த ரூம்ல காயப்போடறதயும் நிறுத்திட்டோம். இந்த மழைக்கு மூலைல மட்டும் லேசா புள்ளி, மறுபடி வினிகர் அடிச்சேன்.