பழைய வண்டியின் பிரேக் பைப்: கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள்

பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பைப் துருப்பிடித்து ஓட்டை விழுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை, கிளிப் கவ்விப் பிடித்திருக்கும் இடத்தில். கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவே சேறு புகும், சேற்றில் ஈரம் தங்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அந்த இரண்டு அங்குலம் மட்டும் நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும். அதனால் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துவிட்டு, "கறுப்பாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை" என்று எழுந்து வந்தால் பார்த்ததாகக் கணக்கில்லை.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் புரோட்டோன் சாகா, இஸ்வாரா, பெரோடுவா கஞ்சில், பழைய வேன், பிக்கப் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சாகா 1985இல் வந்தது, கஞ்சில் 1994இல். முதலில் போட்ட பைப்போடு ஓடும் வண்டி எதுவானாலும் வயது ஆகிவிட்டது. அதற்குமேல் நம் வண்டிகள் ஏற்றும் சரக்கு வேறு. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்குப் பங்காளி. மூட்டை கிழிந்து சிந்தியது தரைத்தகட்டு இடுக்கு வழியாக இறங்கி, மழையில் கரைந்து இரும்பைத் தின்னும். கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர்ப் பால், ஏற்றுகிற பிக்கப் இன்னும் மோசம். கித்தா (ரப்பர்) பாலை உறைய வைக்கப் பார்மிக் அமிலம் ஊற்றுகிறோம், கட்டியிலிருந்து வடியும் தண்ணீரிலும் அந்த அமிலம் இருக்கும். இப்படிப்பட்ட வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வீட்டுக்கும் சந்தைக்கும் ஓடுகிற காருக்கு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

பார்ப்பது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். செங்கல் வேண்டாம், பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பியும் அடியில் போகக்கூடாது.

மிதியை அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் பம்ப்பில் தொடங்கி பின் சக்கரம் வரை பைப்பைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கிளிப்பையும் திறந்து, கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்துத் துடைத்த பிறகு விரல் நகத்தைப் பைப்பின் மேல் இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேல்துருதான். துடைத்துவிட்டுத் துருத்தடுப்பு மெழுகு பூசி விடலாம். நகம் எங்காவது ஒரு குழியில் மாட்டினால் அந்தப் பைப் போய்விட்டது. பைப்பின் சுவர் 0.7 மி.மீ. தடிப்புதான், நகம் மாட்டும் அளவுக்குக் குழி விழுந்தால் மிச்சம் இருப்பதை நம்ப முடியாது. அவசரமாக பிரேக் மிதிக்கும்போது உள்ளே 70 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும், கார் டயரில் இருப்பதைப் போல முப்பது மடங்குக்கும் கூடுதல்.

ஈரம் தெரிந்தால் எது கசிகிறது என்று உறுதி செய்யுங்கள். ஒரு துளியைத் தொட்டுக் கிண்ணத் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம். எஞ்சின் எண்ணெயும் கியர் எண்ணெயும் மேலே மிதந்து நிறம் காட்டும். பிரேக் எண்ணெய் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். பின் டயரின் உள்பக்கம் நனைந்திருந்தால் பைப்பைக் குறை சொல்லுமுன் டிரம்மைக் கழற்றி, உள்ளே பிரேக்கைத் தள்ளும் வீல் பம்ப்பைப் பாருங்கள்.

அடுத்தது பைப்பையும் சக்கரத்தின் பிரேக்கையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ். இதில் இரண்டு வகைக் கேடு உண்டு. வெளிக்கேடு சுலபம்: வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும், உள்ளிருக்கும் நூல் தெரிந்தால் மறுபேச்சு இல்லாமல் மாற்ற வேண்டும். ஒருவரை மிதியை அழுத்தச் சொல்லிவிட்டு ஹோஸைக் கையில் பிடியுங்கள். எங்காவது புடைத்தால் அதுவும் குப்பைக்குத்தான்.

உள்கேடுதான் ஆளை ஏமாற்றும். ஹோஸின் உள்சுவர் ஊதி வழியை அடைத்துவிடும். காலின் பலத்தில் எண்ணெய் உள்ளே போகும், திரும்பி வர வழியிருக்காது. அந்தச் சக்கரம் மட்டும் சூடாகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பலர் கேலிப்பரை (சக்கரத்தின் பிரேக் தட்டைக் கவ்வும் பாகத்தை) மாற்றிப் பணத்தைத் தொலைப்பது இங்கேதான். கண்டுபிடிப்பது இப்படி: சக்கரத்தைத் தூக்கி, பிரேக் மிதித்து விட்டுவிட்டுச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாகவே நின்றால் கேலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் சிறு திருகை, அதாவது நிப்பிளை, திறங்கள். திறந்தும் சக்கரம் விடவில்லையானால் கேலிப்பர் பிஸ்டன்தான் சிக்கியிருக்கிறது. எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் விட்டால் நிப்பிளை மூடி, மறுபடி மிதித்து இறுக்கி, இம்முறை ஹோஸின் மேல்முனையில் பைப் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியதும் விட்டால் அடைப்பு மேலே, மாஸ்டர் பம்ப் பக்கம். அங்கே தளர்த்தியும் விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ்தான். ஒரு பக்க ஹோஸ் கெட்டால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், இரண்டுக்கும் ஒரே வயது.

சாமான் வாங்குவது

ஜப்பானிய வழி வந்த நம் கார்களில் பொதுவாக 4.76 மி.மீ. பைப், அதாவது 3/16 அங்குலம். நட்டு 10 மி.மீ., புரி இடைவெளி 1 மி.மீ., முனை இரட்டை மடிப்பு, அதாவது குமிழாக்கி உள்ளே மடித்தது. ஆனால் எல்லா மூட்டும் அப்படியே இருக்கும் என்று நினைக்காமல் பழைய நட்டைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பழைய ஆங்கிலக் கார்களின் 3/8 அங்குல நட்டும் இதுவும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அந்த 3/8 நட்டு 10 மி.மீ. துளையில் தளர்வாக ஏறிவிடும், கையில் இறுகியதுபோலவும் தோன்றும், அழுத்தம் வந்ததும் புரியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஐரோப்பியக் கார்களில் முனை ஒற்றைக் குமிழாக இருக்கும். இரண்டையும் கலந்து போட்டால் கசிவு நிற்காது.

பைப்புக்கு எஃகு அல்லது செம்பு-நிக்கல் கலவை. கலவைப் பைப் கையாலேயே வளையும், துருப்பிடிக்காது, விலைதான் கூட. உரம் ஏற்றும் வண்டிக்கு அதைத்தான் போட வேண்டும். ஏர்கோன் கடையில் கிடைக்கும் வெறும் செம்புக் குழாய் வேண்டாம். அதிர்வில் இறுகி, முனையில் வெடித்துவிடும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வளையம் வைத்த இணைப்பும் கூடாது. கெட்ட துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடும் வேலையும் கூடாது. ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டு வரை முழுப் பைப்பாக மாற்றுங்கள்.

நீளத்துக்குப் பழைய பைப்பின் வளைவோடு ஒட்டிச் சணல் கயிறு பிடித்து அளந்து, முனைக்கு 3 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். மாஸ்டர் பம்ப் அருகே சுருள் சுற்றியிருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். அழகுக்கு வைத்ததல்ல அது, எஞ்சின் அறையின் அதிர்வைத் தாங்க வைத்தது. இவற்றோடு 10 மி.மீ. பைப் நட்டு ஸ்பேனர், புதுச் செம்பு வாஷர், மூடி திறக்காத பிரேக் எண்ணெய். முழுதும் மாற்றினால் 1 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய், தொட்டியின் மூடியில் போட்டிருக்கும் வகைதான், டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 என்று மட்டும் போட்டது சிலிக்கோன், கலக்கவே கூடாது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 வரை இறங்கலாம். கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது மிதி இளகி, இந்த வித்தியாசம் காலில் தெரியும். போன வருடம் பாதி ஊற்றிவிட்டு மூலையில் வைத்த போத்தலை எடுக்காதீர்கள், நம் ஊர் காற்றுக்கு அது என்றோ கெட்டிருக்கும்.

கழற்றுவது

முதல் நாள் இரவே நட்டுகளில் துருநீக்கி எண்ணெய் அடித்து வையுங்கள், ரப்பரில் படாமல். சாதாரணத் திறந்தவாய் ஸ்பேனர் இரண்டு முகத்தை மட்டும் பிடித்து நட்டை உருட்டையாக்கிவிடும், பைப் நட்டு ஸ்பேனர் ஐந்து முகத்தைப் பிடிக்கும். நட்டோடு சேர்ந்து பைப்பும் சுழன்றால் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். பைப் எப்படியும் போகப்போகிறது, நட்டு ஓரத்தில் வெட்டிவிட்டு ஆறுமுக சாக்கெட் போட்டுக் கழற்றுங்கள்.

எண்ணெய் வடிந்துகொண்டே இருந்தால் வேலை ஓடாது. பிரேக் மிதியை 3 செ.மீ. போல அழுத்தி, சீட்டுக்கும் மிதிக்கும் நடுவே குச்சி கொடுத்து நிறுத்துங்கள். மாஸ்டர் பம்ப்பில் தொட்டிக்குப் போகும் துளை மூடிக்கொள்ளும், வடிதல் ஏறக்குறைய நிற்கும். பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வையுங்கள். பிளையர்ஸால் ஹோஸை நெரித்து நிறுத்துவது அந்த ஹோஸுக்குக் கொள்ளி வைப்பது.

முனை மடிப்பதும் பூட்டுவதும்

பைப்பை ரம்பத்தால் அறுக்காமல் உருளை வெட்டியால் வெட்டுங்கள். உள்ளும் வெளியும் பிசிறு எடுத்து, காற்றால் ஊதுங்கள். நட்டை இப்போதே பைப்பில் கோர்த்துவிடுங்கள். மடித்த பிறகு நட்டு மேசையில் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கை வைக்காத ஃபோர்மன் (மெக்கானிக்) இல்லை. பைப்பை மடிக்கும் கருவியில், அதன் அச்சுத் துண்டின் தோள் உயரத்துக்கு நீட்டிக் கவ்வி, ஒரு துளி பிரேக் எண்ணெய் விட்டு, முதலில் அந்த அச்சுத் துண்டால் குமிழாக்கி, பிறகு கூம்பால் உள்ளே மடியுங்கள். முனை 7 மி.மீ. அளவில் வட்டமாக, நடுவில் நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். கூட்டி அளந்த 3 செ.மீ. இதற்குத்தான். மடிக்கும் கருவி இல்லையென்றால் பழைய பைப்பையும் கயிற்றையும் கடைக்குக் கொண்டுபோய் முனையை அங்கே போட்டுக்கொண்டு, மாட்டுவதை வீட்டில் செய்யலாம்.

வளைவுகள் 15 மி.மீ. ஆரத்துக்குக் குறையக்கூடாது. பழைய பைப் போன வழியிலேயே, புகைக்குழாயை விட்டு விலகி, எல்லாக் கிளிப்பிலும் மாட்டுங்கள். ஒரு கிளிப் விட்டால் அங்கே பைப் ஆடி ஆடி உராயும். நட்டைக் கையால் பல சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர். 15 நியூட்டன் மீட்டர் போதும், நீளக் குழாய் போட்டு முறுக்கினால் மடிப்பு பிளந்துவிடும்.

ஹோஸை முதலில் கேலிப்பரில் பூட்டுங்கள். இரு பக்கமும் புது வாஷர், ஏறக்குறைய 30 நியூட்டன் மீட்டர். பிறகு மேல்முனை, கிளிப். ஹோஸின் மேல் ஓடும் கோடு முறுக்காமல் நேராக இருக்கிறதா பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பி, டயரில் உரசாததையும் உறுதி செய்யுங்கள்.

காற்று எடுப்பது

கழற்றியபோது உள்ளே புகுந்த காற்றை இனி வெளியேற்ற வேண்டும். மிதியில் கொடுத்த குச்சியை எடுத்துவிட்டு, தொட்டியை நிரப்பி, மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் பம்ப்பின் அடிப்பகுதியில் பிஸ்டன் பல வருடமாகப் போயிருக்காது, அங்கே துருவும் கசடும் இருக்கும். மிதியைத் தரை வரை அழுத்தினால் ரப்பர் அதில் கிழிந்து, பைப் மாற்றிய அன்றே மாஸ்டர் பம்ப் போகும். "நல்லாத்தான் இருந்தது, கையை வைத்ததும் போச்சு" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடி, அதற்குப் பிறகே மிதியை விட வேண்டும். நிப்பிளில் தெளிந்த குழாய் மாட்டி, அதன் மறுமுனை எண்ணெயில் மூழ்கியிருக்கட்டும். குமிழி நிற்கும் வரை தொடருங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை தொட்டியைப் பாருங்கள், அது காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பைப்கள் எக்ஸ் போலக் குறுக்காகப் பிரியும் முன்சக்கர இழுவைக் கார்களில் பின் இடது, முன் வலது, பின் வலது, முன் இடது என்று போகலாம். பிக்கப், வேன்களில் பின் அச்சின் மேல் பாரம் பார்க்கும் வால்வு இருந்தால், அச்சு தொங்கும்போது அது வழியைக் குறுக்கிவிடும். சக்கரம் தரையில் இருக்கும்போது பின்பக்கக் காற்றை எடுங்கள். பெயின்டில் சிந்தியதை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் உரிந்துவிடும்.

மிதிக்கு அடியில் வைத்த மரக்கட்டையை எடுத்து, பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். மிதி மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் மாஸ்டர் பம்ப் உள்ளே. ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த டிஸ்யூவால் ஒற்றிப் பாருங்கள். பிறகு ஆளில்லாத சமசாலையில் 10, 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, இரவு வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள். காலையில் கறை இருந்தால், அதற்கு நேர் மேலே உள்ள மூட்டை இன்னும் இறுக்கத் தோன்றும். அதற்கு முன் நட்டைத் தளர்த்தி இறுக்கி, தளர்த்தி இறுக்கி, இரண்டு மூன்று முறை செய்யுங்கள். மடிப்பு தன் இருக்கையில் படிந்தால் கசிவு நிற்கும். அப்படியும் ஒழுகினால் முனையை வெட்டி மறுபடி மடிக்க வேண்டும்.