டயாலிசிஸ் கிழமைகளுக்கு இடையே பறவை நோக்கல்: பெங்களூருவில் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு

தந்தைக்கோ தாய்க்கோ சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கிவிட்டால், உடனிருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளை முதலில் கைவிடுவது தன் பொழுதுபோக்கைத்தான். கைவிடத் தேவையில்லை என்பது அல்சூரில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் எனது உறுதியான கருத்து. டயாலிசிஸ் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தொடரும் சிகிச்சை. வேலையெல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அந்த நேரம் மிஞ்சவே மிஞ்சாது. சிகிச்சை எந்தக் கிழமைகளில் நடக்கிறதோ, அதையொட்டியே பைனாகுலரை எடுக்கும் கிழமைகளையும் முடிவு செய்யவேண்டும்.

வழக்கமாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ் நடக்கும். திங்கள், புதன், வெள்ளி என்பது ஓர் அட்டவணை முறை. செவ்வாய், வியாழன், சனி என்பது இன்னொரு முறை. இரண்டிலும் வாரத்தில் ஒரு நீண்ட இடைவெளி விழும். அந்த நாட்களில்தான் உடலில் நீரும் பொட்டாசியமும் அதிகமாகச் சேர்ந்து மூச்சுத்திணறல், இதயத்துடிப்புக் கோளாறு போன்றவற்றுக்கு வழிவகுக்கக்கூடும். திங்களன்று தொடங்கும் முறையில் ஞாயிற்றுக்கிழமை அந்த இடைவெளியின் கடைசி நாளாக வந்து நிற்கிறது. பறவை நோக்குவோர் கூட்டமாகக் கிளம்புவதோ பெரும்பாலும் ஞாயிறு காலையில். செவ்வாயன்று தொடங்கும் முறையில் ஞாயிறு, சிகிச்சைக்கு மறுநாள் ஆகிவிடுகிறது. ஆகவே, மருத்துவருக்கு ஆட்சேபம் இல்லாமல் மையத்தில் இடமும் இருந்தால், இரண்டாவது முறையைக் கேட்டு வாங்குங்கள். தயங்காமல் கேட்கலாம், பார்த்துக்கொள்பவரின் வசதியும் சிகிச்சை தடையின்றி நடப்பதற்கு ஒரு காரணம்தான். கிடைக்காவிட்டால், சனிக்கிழமை காலையை உங்களுடையதாக வைத்துக்கொண்டு ஞாயிறன்று வீட்டில் இருங்கள்.

சிகிச்சை நடக்கும் 4 மணி நேரத்தையும் படுக்கையருகிலேயே கழிக்கவேண்டுமா என்பதை அங்குள்ள செவிலியரிடம் கேளுங்கள். ஊசி குத்தி இயந்திரத்தில் இணைக்கும்போது உடனிருப்பது நல்லது. முடியும் தறுவாயில் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வரக்கூடும் என்பதால், கடைசி ஒரு மணி நேரத்துக்கு முன்பே திரும்பிவிடவேண்டும். நிலைமை சீராக இருக்கும் நாட்களில் இடையில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம், பக்கத்தில் ஓர் ஏரி இருந்தால், தாராளமாகப் போதும். அல்சூர் ஏரிக்கரையில் நின்றபடியே நீர்க்காகங்களையும் கொக்குகளையும் பார்க்கலாம். ஆட்டோவில் 15 நிமிடத்தில் திரும்பமுடியாத இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். பறவைகள் கலையக்கூடாது என்று போனை அமைதியில் போடும் பழக்கம் நமக்கு உண்டு. டயாலிசிஸ் மையத்தின் எண்ணுக்கு மட்டும் மணி ஒலிக்கும்படி அதை மாற்றிவைத்துவிடுங்கள்.

சிகிச்சை இல்லாத நாட்களில் காலைக் கடமைகளை முடித்த கையோடு பால்கனியில் நிற்கலாம். எங்கள் வீட்டில் முதலில் அப்பா எடை பார்ப்பார். அந்த எண்ணை டிரை வெயிட்டுக்கு, அதாவது உடலில் மிகை நீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடைக்கு, பக்கத்தில் நோட்டில் எழுதுவோம். பிறகு அவரது இடக்கையில் பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அறுவை சிகிச்சையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள இடத்தில் மூன்று விரல்களை மெல்ல வைத்து, தோலுக்கடியில் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த அதிர்வு நின்றிருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே மருத்துவமனையை அழைக்கவேண்டும். அடைப்பை விரைவாகக் கவனித்தால்தான் பிஸ்டுலாவைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். எல்லாம் சரி என்றால் 15 நிமிடம் பறவைகளுக்கு. குக்குறுவானின் விடாத குரல், பச்சைக்கிளிகள், தேன்சிட்டு, மேலே வட்டமிடும் பருந்து என்று பால்கனியிலிருந்தே ஒரு பட்டியல் தேறிவிடும். பிப்ரவரியில் 4 நாட்கள் நடக்கும் கிரேட் பேக்யார்டு பேர்ட் கவுண்ட் என்ற உலகளாவிய பறவைக் கணக்கெடுப்புக்கும் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பட்டியலை இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். பால்கனிப் பட்டியலைக் குறைவாக எண்ணாதீர்கள். ஒரே இடத்தில் நாள்தோறும் எடுக்கும் கணக்குக்கு அதற்கேயுரிய மதிப்பு உண்டு.

மாதம் ஒரு முறையாவது லால்பாக் போன்ற இடத்தில் அரைநாள் செலவிட விரும்பினால், ‘அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்’ என்று தம்பியிடம் பொதுவாகச் சொல்வது பயன்படாது. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த மாத்திரை உணவோடு, மருத்துவர் அனுமதித்த தண்ணீர் அளவில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஒரே தாளில் எழுதிக்கொடுங்கள். அன்போடு யாராவது இளநீரோ வாழைப்பழமோ வாங்கிவந்தால் கொடுக்கக்கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். பிஸ்டுலா உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ கூடாது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

எடை வழக்கத்தைவிட ஏறியிருந்தாலோ, கால் வீங்கியிருந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவர் சொன்னாலோ அன்றைய நடையை ரத்து செய்துவிட்டு மருத்துவமனையை அழையுங்கள். இத்தகைய ரத்துகள் வரும் என்பதை உடன் வரும் நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டால், அடுத்த நடைக்கும் அவர்கள் உங்களை அழைப்பார்கள்.