ஹசிதிய ரபிகளைப் பற்றிக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஹசிதிய ரபிகளைப் பற்றி எழுத முன்வருபவரின் கைக்கு முதலில் எட்டும் தரவுகளில் பெரும்பகுதி அந்த ரபிகளின் அடியார்கள் எழுதியவை. 18ஆம் நூற்றாண்டில், இன்றைய உக்ரைனில் உள்ள பொதோலியா வட்டாரத்தில், பாஅல் ஷெம் தோவ் என்று அழைக்கப்பட்ட இஸ்ரயேல் பென் எலியேசரைச் சுற்றி உருவான ஹசிதியம் என்ற இந்த யூதப் பக்தி இயக்கத்தில், குருவின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதே ஒரு புண்ணியச் செயல். ஆகவே கதைகளுக்குப் பஞ்சமில்லை; தேதியும் ஊரும் சான்றும் ஒருங்கே அமைந்த வாழ்க்கை வரலாறுதான் அரிது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் நேர்கின்றன. மற்றவை, யாரைப் பற்றி எழுதுகிறோம் என்பதையே உறுதிசெய்துகொள்ளாமல் தொடங்குவதால் நேர்கின்றன. பின்னதை முதலில் பார்த்துவிடலாம். ஆள் மாறிப்போன கட்டுரையில் மற்றவற்றைத் திருத்திப் பயனில்லை.

யாரைப் பற்றிய கட்டுரை?

நீண்ட தாடியும் கறுப்பு அங்கியுமாகப் படத்தில் இருக்கும் கிழக்கு ஐரோப்பிய ரபிகள் எல்லாரும் ஹசிதியர் அல்லர். வில்னாவின் காவோன் என்று போற்றப்பட்ட எலியா பென் சாலமோன் (1720–1797) ஹசிதியத்தின் மிகக் கடுமையான எதிர்ப்பாளர். 1772இல் ஹசிதியரைச் சமூகத்திலிருந்து விலக்கிவைத்த ஆணைக்குப் பின்னால் இருந்தவர். அவரையும், அவருடைய மாணவர் வொலோஜின் ஊர் ஹயீம் போன்ற லித்துவேனிய யெஷிவா (யூத சமயக் கல்விக்கூட) மரபினரையும் 'ஹசிதிய ரபிகள்' என்ற பகுப்பில் சேர்ப்பது, தலைப்பைப் பற்றி ஏதும் படிக்கவில்லை என்று நாமே ஒப்புக்கொள்வதாகும். அதேபோல, ரபியும் ரெபேயும் ஒன்றல்ல. சமயச் சட்டம் கற்றுத் தகுதி பெற்றவர் ரபி; ஹசிதிய மரபு ஒன்றின் தலைவராக அடியார்கள் ஏற்றுக்கொண்டவர் ரெபே. இருவரும் ஒருவராகவே இருந்ததும் உண்டு, இல்லாததும் உண்டு. கட்டுரையின் முதல் வரியிலேயே இதைத் தெளிவாக்கிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பெயர். முன்னோர் பெயரைப் பிள்ளைகளுக்கு இடும் வழக்கம் இந்தக் குடும்பங்களில் மிக வலுவானது. மெனாகெம் மெண்டல் என்ற ஒரே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: 1777இல் அடியார்களுடன் புனித நாட்டுக்குக் குடிபெயர்ந்த விதெப்ஸ்க் ஊரார் ஒருவர், 1815இல் மறைந்த ரிமனோவ் ஊரார் ஒருவர், 1859இல் மறைந்த கோட்ஸ்க் ஊரார் ஒருவர், சபாத் என்றும் அழைக்கப்படும் லுபாவிச் மரபின் மூன்றாம் ரெபே (1789–1866) ஒருவர், அதே மரபின் ஏழாம் ரெபே (1902–1994) ஒருவர். கடைசி இருவருக்கும் குடும்பப் பெயரும் ஏறத்தாழ ஒன்றே. லுப்ளினின் 'ஞானதிருஷ்டியாளர்' யாக்கோவ் இட்சாக்கும் அவருடைய மாணவராக இருந்து பிரிந்த ப்ஷிஸ்கா ஊரின் 'புனித யூதர்' யாக்கோவ் இட்சாக்கும் சமகாலத்தவர்கள். ஒருவர் 1815இலும் மற்றவர் 1813இலும் மறைந்தார்கள். ஒருவருடைய வாக்கை மற்றவர் பெயரில் போடுவதற்கு இதைவிட வசதியான சூழல் வேண்டியதில்லை.

ரபிகளை அவர்கள் எழுதிய நூலின் பெயராலேயே அழைக்கும் மரபு இதில் இன்னொரு முடிச்சைப் போடுகிறது. லுபாவிச்சின் மூன்றாம் ரெபேயை 'செமாக் செடெக்' என்றே யாவரும் அழைப்பார்கள். 1661இல் மறைந்த நிக்கோல்ஸ்பூர்க் ரபி ஒருவரின் பெயரும் மெனாகெம் மெண்டல்தான். அவருடைய சட்ட விளக்க நூலின் பெயரும் 'செமாக் செடெக்'தான். அவர் வாழ்ந்த காலத்தில் ஹசிதியம் பிறக்கவேயில்லை. நூலகப் பட்டியலில் பெயரையும் நூலையும் ஒப்பிட்டுவிட்டு 'சரிதான்' என்று நகர்பவர் இந்த இடத்தில் தவறாமல் விழுவார். எனவே ஆளை அடையாளம் காண முழுப்பெயர், ஊர், மறைந்த ஆண்டு, தந்தை பெயர் ஆகிய நான்கையும் குறித்துக்கொண்ட பிறகே எழுதத் தொடங்குங்கள். கட்டுரைத் தலைப்பில் ஊர்ப்பெயரையும் சேர்த்து, ஏனைய வழக்குப் பெயர்களிலிருந்து வழிமாற்று அமையுங்கள். கெர் மரபின் யெகூதா ஆர்யே லைப் ஆல்தரை (1847–1905) ஒரு நூல் 'ஸ்ஃபாஸ் எமெஸ்' என்றும் மற்றொன்று 'ஸ்ஃபாத் எமெத்' என்றும் எழுதும். ஒலிப்பு மரபு வேறு, ஆள் ஒருவரே. இரண்டு கட்டுரைகள் உருவாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சான்றுகளும் கதைகளும்

பாஅல் ஷெம் தோவ் 1760இல் மெஜிபிஜில் மறைந்தார். அவருடைய வாழ்க்கையைப் பற்றி நாம் கேள்விப்படும் கதைகளில் பெரும்பாலானவை 'ஷிவ்கே ஹபெஷ்த்' என்ற தொகுப்பிலிருந்து வருபவை. அது முதலில் அச்சேறியது 1814–15இல். இடையே அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி. இதற்கு நேரெதிராக, மெஜிபிஜ் அப்போது ஒரு போலந்துப் பிரபு குடும்பத்தின் பண்ணை ஊராக இருந்ததால், அந்தக் குடும்பத்தின் வரிக்கணக்குகள் இன்றும் இருக்கின்றன. வரலாற்றாய்வாளர் மோஷே ரோஸ்மன் அவற்றைப் படித்து, பாஅல் ஷெம் தோவ் அங்கே யூதச் சமூகத்துக்குச் சொந்தமான வீட்டில் வரிவிலக்குடன் குடியிருந்தவர் என்றும், கபாலா என்னும் யூத மறைஞானம் அறிந்தவர், மருத்துவர் என்ற வகையில் குறிக்கப்பட்டவர் என்றும் காட்டினார். காட்டில் மறைந்து திரிந்த ஏழை எளியவர், கற்றோர் சமூகம் புறக்கணித்த கலகக்காரர் என்ற பழைய சித்திரத்தை இந்த உலர்ந்த வரிக்கணக்கு வெகுவாக மாற்றிவிட்டது.

இந்த இரண்டு வகைச் சான்றையும் புதியவர் எப்படிக் கையாள்கிறார் என்பதில்தான் கட்டுரையின் தரம் தெரியும். "அவர் ஒரு கணத்தில் பல காதங்களைக் கடந்து சென்றார்" என்று எழுதி, அடியில் ஒரு பக்தி நூலை மேற்கோளாகக் காட்டுவது ஒரு தவறு. அற்புதக் கதைகள் அனைத்தையும் மூடநம்பிக்கை என்று வெட்டி எறிவதும் அதே அளவு தவறு. அந்தக் கதைகள் இல்லாமல் ஹசிதியம் ஏன் லட்சக்கணக்கானோரைப் பற்றிக்கொண்டது என்பதை விளக்க முடியாது. "1814–15இல் அச்சான தொகுப்பின்படி" என்று தொடங்கி, கதையைச் சொல்பவர் யார், எப்போது சொன்னார் என்பதை வாக்கியத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் போதும். தமிழில் இதற்கு வினைமுற்றே கைகொடுக்கும். 'என்பர்', 'என்று அடியார்கள் நம்புகின்றனர்', 'என்று பதிவாகியுள்ளது' ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு உறுதிநிலைகள். அவற்றை அழகுக்காக மாற்றி மாற்றிப் போடக் கூடாது.

பழையதாகத் தோன்றுவது எல்லாம் பழையது அல்ல. முதல் உலகப் போரின் முடிவை ஒட்டி, 'கெர்சோன் கெனிசா' என்று பெயர் பெற்ற ஒரு கடிதக் குவியல் வெளிவந்தது. பாஅல் ஷெம் தோவும் அவருடைய சீடர்களும் எழுதியவை என்று சொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான கடிதங்கள் அதில் இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றைப் போலி என்கிறார்கள். லுபாவிச்சின் ஆறாம் ரெபே யோசெப் இட்சாக் அவற்றின் உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டார். ஆதலால் லுபாவிச் சார்ந்த நூல்களில் அந்தக் கடிதங்கள் சாதாரண வரலாற்றுச் சான்றுபோல வந்துபோகும். ஒரு ரபியின் பிறந்த நாளோ சீடரைச் சந்தித்த தேதியோ வியக்கத்தக்க துல்லியத்துடன் கிடைத்தால், அந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை தேடிப் பாருங்கள்.

அடியார் இலக்கியம் சேர்ப்பதை மட்டுமல்ல, விடுவதையும் கவனிக்க வேண்டும். சத்மார் ரெபே யோயெல் டைட்டல்பாம் (1887–1979) 1944இல் யூதர்களை மீட்டுச் செல்லப் புடாபெஸ்டிலிருந்து புறப்பட்ட காஸ்ட்னர் இரயிலில் இடம்பெற்று, பெர்கன்–பெல்சன் முகாம் வழியாக அந்த டிசம்பரில் சுவிட்சர்லாந்தை அடைந்தார். அந்த இரயிலுக்காக நாஜிகளுடன் பேரம் பேசிய ருடோல்ஃப் காஸ்ட்னர், யூதர்களுக்குத் தாயக நாடு வேண்டும் என்ற சியோனிய இயக்கத்தவர். டைட்டல்பாமோ சியோனியத்தை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர். சத்மார் அடியார்கள் அவர் தப்பிய நாளை இறைவன் செய்த அற்புதமாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். எதிர்ப்பாளர்கள் அதே நிகழ்வை அவருக்கு எதிரான வாதமாக்குகிறார்கள். கட்டுரையில் இரயிலும் இருக்க வேண்டும், கொண்டாட்டமும் இருக்க வேண்டும், குற்றச்சாட்டும் அதைச் சொன்னவர் பெயரோடு இருக்க வேண்டும். 'முரண்பாடாக', 'வேடிக்கை என்னவென்றால்' போன்ற இணைப்புச் சொற்களைப் போட்டுத் தீர்ப்பை நாமே எழுதிவிடக் கூடாது. சபாத் மரபைத் தொடங்கிய ஷ்னேயுர் சல்மானின் இளைய மகன் மோஷே 1820இல் கிறித்தவத்துக்கு மாறியது பற்றியும் இப்படியே: ரஷ்யப் பேரரசின் ஆவணங்கள் ஒன்று சொல்கின்றன, குடும்ப மரபு வேறொன்று சொல்கிறது. இரண்டையும் அவற்றின் எடைக்கேற்பச் சொல்லலாம், ஒன்றை மறைக்கலாகாது.

ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையை மொழிபெயர்த்தால் இந்தத் தொல்லைகள் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கேயும் எழுதியவர்களில் பலர் அடியார்களே. மொழிபெயர்ப்பவர், தாம் கண்ணால் பாராத நூல்களின் பக்க எண்களை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து வைப்பது நேர்மையான மேற்கோள் ஆகாது. யிவோ ஆய்வு நிறுவனத்தின் கிழக்கு ஐரோப்பிய யூதர் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆய்வாளர்கள் பெயரிட்டு எழுதிய கட்டுரைகள் அவை. முதல் வரைவுக்கு அதுவே போதுமான அடித்தளம். மொழிபெயர்ப்புக் கருவியை நம்பினால் இன்னொன்றும் நடக்கும்: ரெபேயைச் சுற்றி அமைந்த அவை (court) 'நீதிமன்றம்' ஆகிவிடும், வழிவழியாக வரும் தலைமை (dynasty) 'அரச வம்சம்' ஆகிவிடும்.

தேதியும் ஊரும்

ஷ்னேயுர் சல்மான் மறைந்த நாள் எபிரேய நாட்காட்டியில் 5573ஆம் ஆண்டு தேவேத் மாதம் 24. எபிரேய ஆண்டிலிருந்து 3760ஐக் கழித்தால் பொது ஆண்டு வரும் என்று எங்கோ படித்த புதியவர் 1813 என்று எழுதுவார். எபிரேய ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. தொடக்கத்திலிருந்து டிசம்பர் 31 வரை 3761ஐயும், அதன் பிறகு 3760ஐயும் கழிக்க வேண்டும். அவர் மறைந்தது 1812 டிசம்பர் 27. ஆனால் அந்நாளில் ரஷ்யப் பேரரசு ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியதால் ரஷ்ய ஆவணப்படி அது டிசம்பர் 15. மூன்று தேதிகளும் சரி. எது எந்த நாட்காட்டி என்று சொல்லாமல் விடுவதுதான் பிழை. எபிரேய நாள் முந்தைய மாலையில் சூரியன் மறைந்ததுமே தொடங்கிவிடுவதால், இரவில் நிகழ்ந்த மரணங்களில் ஒரு நாள் முன்பின்னாக வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஊர்களின் நாடு அடிக்கடி மாறியது. பெல்ஸ் இன்று உக்ரைனில் இருக்கிறது; அங்கே மரபைத் தொடங்கிய ஷாலோம் ரோக்கெயாக் (1781–1855) ஆஸ்திரிய ஆட்சியின் கலீசியாவில் வாழ்ந்தவர். சத்மார், அதாவது சாத்து மாரே, ஹங்கேரியிலிருந்து ருமேனியாவுக்குப் போன ஊர். லுபாவிச் இன்று ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் மாகாணத்தில் உள்ளது. எனவே கட்டுரையின் பக்கவாட்டில் சுருக்க விவரம் தரும் தகவற்சட்டத்தில் பாஅல் ஷெம் தோவை 'உக்ரைனியர்' என்று குறிப்பதைவிட, போலந்து–லித்துவேனியப் பொதுநலவாயத்தில் வாழ்ந்தவர் என்று சொல்லி, ஊர் இன்று எந்த நாட்டில் இருக்கிறது என்பதைச் சேர்ப்பதே முறை.

வாரிசு, மரியாதை, படம்

தகவற்சட்டத்தில் 'முன்னவர்', 'பின்னவர்' என்ற இரு கட்டங்கள் இருப்பதாலேயே அவற்றை நிரப்ப வேண்டும் என்ற அவசியமில்லை. பிரெஸ்லவ் ஊரின் நாக்மன் 1810இல் மறைந்த பிறகு அவருடைய அடியார்கள் வேறொரு ரெபேயை ஏற்கவில்லை. அவருடைய எழுத்துகளைப் பரப்பிய முதன்மைச் சீடர் நாத்தானைப் 'பின்னவர்' என்று போட்டால் அந்த மரபின் அடிப்படையே தவறாகிவிடும். லுபாவிச்சில் 1866க்குப் பிறகு மூன்றாம் ரெபேயின் மகன்கள் தனித்தனி ஊர்களில் தலைமை ஏற்றதால், 'நான்காம் ரெபே' என்று எழுதினால் எந்தக் கிளையின் நான்காமவர் என்றும் சொல்ல வேண்டும். 1994இல் ஏழாம் ரெபே மறைந்தபின் எவரும் அந்த இடத்துக்கு வரவில்லை. அவரை மெசியாவாகக் கருதுவோர் இருப்பதைக் கட்டுரை சொல்லலாம், அதற்காக மறைந்த தேதியை நீக்கக் கூடாது. சத்மாரில் மோஷே டைட்டல்பாம் 2006இல் மறைந்ததும் மகன்கள் ஆரோனும் சல்மான் லைபும் தனித்தனிப் பிரிவுகளுக்குத் தலைமை ஏற்றனர். உண்மையான வாரிசு யார் என்பதைத் தீர்மானிப்பது கலைக்களஞ்சியத்தின் வேலை அல்ல. இருவரும் வாழும் மனிதர்கள் என்பதால், வழக்கு, சொத்து, குடும்பம் பற்றிய எந்த வரியும் வலுவான சான்று இல்லாமல் ஒரு நாள்கூடப் பக்கத்தில் நிற்கக் கூடாது.

மரியாதை அடைமொழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'மகான்', 'புனிதர்', 'அன்னாரின் நினைவு ஆசியாகட்டும்' ஆகியவை நடைக்கு உரியவை அல்ல; 'அவர்' என்ற மரியாதைப் பன்மையே தமிழில் போதும்.

படத்தில் மட்டும் சற்று நின்று பாருங்கள். பாஅல் ஷெம் தோவின் உருவம் என்று நூல் அட்டைகளிலும் சுவர்ப்படங்களிலும் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஓவியம் அவருடையது அல்ல. அது 1782இல் மறைந்த ஹயீம் சாமுவேல் ஃபால்க்கின் உருவம். அவர் இலண்டனில் வாழ்ந்தவர், அவரையும் மக்கள் 'இலண்டனின் பாஅல் ஷெம்' என்று அழைத்ததால் இந்தக் குழப்பம். விக்கிமீடியா பொதுவகத்தில் கோப்பின் பெயர் என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, விவரப் பக்கத்தில் ஓவியம் யாருடையது, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று படியுங்கள். விவரம் இல்லையென்றால் கட்டுரைக்குரிய ரபியின் ஊரில் உள்ள கல்லறையையோ தொழுகைக்கூடத்தையோ காட்டும் படம் ஒன்றைப் போட்டு, அது எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்பதையும் கீழே குறியுங்கள்.